மூணு மேட்ச் கோல்கீப்பர்

உங்களுக்குக் கால்பந்து பிடிக்குமா? பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, எனக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று நண்பர்கள் டீ கிளாஸையும் சர்க்கரை டப்பாவையும் நகர்த்தி நகர்த்தி விளக்கும்போது பலமாகத் தலையாட்டுவேன். மறுநாள் காலையில் சுத்தமாக மறந்துவிடும்.

அப்பேர்ப்பட்ட ஆசாமி இந்த வாரம் ஒரு கோல்கீப்பரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். அதுவும் நீங்கள் பேர் கேட்டிருக்கக்கூடிய கோல்கீப்பர் இல்லை. உலகக் கோப்பை ஆடினவர் இல்லை. தன் நாட்டிலேயே நாலாவது டிவிஷனில், கடைசி இடத்தில் கிடந்த ஒரு டீமுக்காக மூன்றே மூன்று மேட்ச் ஆடினவர்.

அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு டாக்ஸி டிரைவர். அந்த டாக்ஸியில் நான் ஏறக் காரணம் என் மகள்.

2025 அக்டோபரில் அவளைக் கூட்டிக்கொண்டு வர இங்கிலாந்து போயிருந்தேன். 'கூட்டிக்கொண்டு வர' என்று சொல்வதைப் பாருங்கள். இருபத்தஞ்சு வயசுப் பெண்ணுக்குத் தனியாக ஃப்ளைட் ஏறத் தெரியாதா? தெரியும். ஆனால் போனில் அவள் குரல் சரியில்லை. "நானே வந்துடறேன்ப்பா" என்று சொன்ன விதத்தைக் கேட்ட என் மனைவி, "நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். போனேன்.

நியூகாசிலில் மாஸ்டர்ஸ் படித்தாள். முடித்ததும் இரண்டு வருஷ விசா. அதற்குள் ஸ்பான்சர் பண்ணுகிற கம்பெனியில் வேலை கிடைக்க வேண்டும். எத்தனை அப்ளிகேஷன் போட்டாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று இடத்தில் கடைசி ரவுண்டு வரை போய்த் திரும்பினாள் என்பது மட்டும் தெரியும். நடுவில் ஒரு காபி ஷாப்பில் வேலை. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனின் தவணை, மாதாமாதம் ஐந்தாம் தேதி, என் பென்ஷனிலிருந்து டாண் என்று போய்க்கொண்டிருந்தது.

ரூமுக்குள் நுழைந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "ஸாரிப்பா."

"எதுக்கும்மா ஸாரி?"

"தெரியல. எல்லாத்துக்கும்."

ஃப்ளைட்டுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. நாலு நாளும் அந்தச் சின்ன ரூமில் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. "எங்கயாவது போகலாமா?" என்றேன். ரோமானியர்கள் கட்டிய பழைய சுவர் ஒன்று இருக்கிறது, ஹேட்ரியன் சுவர், கிட்டத்தட்ட 1,900 வருஷத்துக்கு முந்தையது, ரயிலில் போகலாம் என்றாள். கிழக்கே நியூகாசில், மேற்கே கார்லைல். இங்கிலாந்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிற ரயில். ஒன்றரை மணி நேரம். ஜன்னல் பக்கம் ஆடுகள், புல், மழை. மறுபடியும் ஆடுகள். நாங்கள் இருவரும் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருந்தால் அதிகம்.

சுவர் பார்க்க நடுவிலேயே இறங்கியிருக்க வேண்டுமாம். அவளும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. கடைசி ஸ்டேஷன் வந்துவிட்டது.

* * *

கார்லைல் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து கொஞ்ச தூரம் வடக்கே போனால் ஸ்காட்லாந்து. 1831-ல் ஆரம்பித்த ஒரு பிஸ்கட் கம்பெனிக்குப் பேர் போன ஊர் என்று என் மகள் போனைப் பார்த்துச் சொன்னாள். மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஒரு டாக்ஸி நின்றது. ஏறிக்கொண்டு, "ஊரில் பார்க்கிற மாதிரி ஏதாவது இருந்தால் காட்டுங்கள்" என்றேன்.

டிரைவருக்கு அறுபது வயது இருக்கும். கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். "கோட்டை இருக்கு, சர்ச் இருக்கு. ஆனா இந்த ஊர்ல நடந்த ஒரே பெரிய விஷயம் அங்கெல்லாம் நடக்கல" என்றார். அவர் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். அந்த ஊர் உச்சரிப்பில் பாதி எனக்குப் புரியவில்லை. மகள்தான் மொழிபெயர்த்தாள்.

வார்விக் ரோடு என்ற தெருவில் போய் ஒரு ஸ்டேடியத்துக்கு முன்னால் நிறுத்தினார். பிரண்டன் பார்க். பெரிய ஸ்டேடியமெல்லாம் கிடையாது. வீடுகளுக்கு நடுவே பழைய தகரக் கூரையும், உயரமான விளக்குக் கம்பங்களுமாக நிற்கிறது. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது உள்ளே மைதானம் முழுக்க ஏரி மாதிரி ஆகிவிட்டதாம்.

வாசலில் ஒரு வெண்கலச் சிலை இருந்தது. "இவர்தான் அந்தப் பெரிய விஷயத்தைச் செய்தவரா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். இவர் ஹ்யூகி மெக்இல்மாயில். அந்தக் காலத்து ஸ்டார். நான் சொல்ற ஆளுக்கு இங்க சிலை கிடையாது. அவர் மூணு மேட்ச்தான் ஆடினார்."

பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தி, மீட்டரையும் நிறுத்தினார். அவர் மீட்டரை நிறுத்தியதும், இது சாதாரணக் கதை இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

* * *

கதைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. இங்கிலாந்தில் மேல்மட்ட லீகுகளில் மொத்தம் 92 க்ளப்கள். உச்சியில் பிரீமியர் லீக், அதில் 20. அதற்குக் கீழே மூன்று டிவிஷன்கள், ஒவ்வொன்றிலும் 24. நாம் டி.வி-யில் பார்ப்பதெல்லாம் உச்சியில் இருக்கிற 20. மற்ற 72 க்ளப்களுக்குப் பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்கள்தான் எல்லாம். அப்பா போன மேட்சுக்குப் பிள்ளை போவான், பிள்ளை போன மேட்சுக்குப் பேரன் போவான்.

ஒவ்வொரு வருஷமும் அந்த 92-ல் கடைசியாக வருகிற டீம் லீகை விட்டே வெளியே போக வேண்டும். அப்போது ஒரு டீம்தான் போகும், 2003-லிருந்து இரண்டு. வெளியே போனால் வருமானம் போகும், நல்ல ஆட்டக்காரர்கள் போவார்கள், சில சமயம் க்ளப்பே போய்விடும்.

கார்லைல் யுனைடெட் 1928-லிருந்து லீகில் இருந்த டீம். 1974-ல், கொஞ்ச நாள்தான் என்றாலும், இங்கிலாந்தின் முதல் டிவிஷனிலேயே முதலிடத்தில் இருந்தது. அந்த டீம், 1999 மே 8-ம் தேதி, சீசனின் கடைசி நாளில், கடைசி இடத்தில் இருந்தது. எதிரே பிளைமவுத். ஜெயித்தால் பிழைக்கலாம். அதுவும், ஸ்கார்பரோ என்ற இன்னொரு டீம் அன்றைக்கு ஜெயிக்காமல் இருந்தால்தான்.

இதில் இன்னொரு கூத்து. கார்லைலிடம் கோல்கீப்பரே இல்லை. சொந்த கோல்கீப்பரை சீசன் நடுவில் விற்றுவிட்டார்கள். கடனாக வாங்கிவந்த இன்னொருவரை அவருடைய க்ளப் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. ஆள் எடுக்கிற கடைசித் தேதியும் முடிந்துவிட்டது. லீகிடம் கெஞ்சி, விசேஷ அனுமதி வாங்கி, கடைசி மூன்று மேட்சுக்கு மட்டும் ஒருவரைக் கடனாகக் கூட்டிவந்தார்கள்.

அவர் பேர் ஜிம்மி கிளாஸ். வயது 25.

* * *

யார் இந்த ஜிம்மி கிளாஸ்?

லண்டனுக்குப் பக்கத்தில், எப்சமில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கிரிஸ்டல் பேலஸ் க்ளப்பில் சேர்ந்தார். பல வருஷம் இருந்தார். முதல் டீமுக்கு ஒரு லீக் மேட்ச் கூட ஆடக் கிடைக்கவில்லை.

கோல்கீப்பர் வேலையில் இருக்கிற கொடுமையை யோசித்துப் பாருங்கள். மற்ற பத்துப் பேருக்கு இந்தப் பக்கம் இல்லாவிட்டால் அந்தப் பக்கம், முன்னால் இல்லாவிட்டால் பின்னால் என்று எங்கேயாவது இடம் கிடைக்கும். அடிபட்டவருக்குப் பதிலாகக் கடைசிப் பத்து நிமிஷமாவது ஓடலாம். கோல்கீப்பருக்கு ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவருக்குக் காய்ச்சல் வராத வரைக்கும் அடுத்தவர் கையுறையை மாட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். வாரம் முழுக்க அதே பயிற்சி. சனிக்கிழமை மட்டும் வேடிக்கை.

1996-ல் போர்ன்மவுத் என்ற கடற்கரை ஊர் க்ளப்புக்குப் போனார். அங்கேதான் அவருக்கு வாழ்க்கை கிடைத்தது. தொண்ணூறு சொச்சம் மேட்ச் ஆடினார். 1997-ல் அந்த க்ளப்பே திவாலாகிற நிலைமை. ரசிகர்கள் பக்கெட்டில் காசு சேர்த்துக் காப்பாற்றினார்கள். அடுத்த வருஷமே லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஒரு கோப்பையின் ஃபைனல். கீழ் டிவிஷன் க்ளப்களுக்கான கோப்பைதான். ஆனால் வெம்ப்ளி வெம்ப்ளிதானே? அறுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம்.

அங்கே போர்ன்மவுத் ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது, பந்து ஜிம்மி கிளாஸ் மேலேயே பட்டு அவருடைய வலைக்குள்ளேயே போனது. ஸ்கோர் புத்தகத்தில் 'சுய கோல்' என்று அவர் பேரில் எழுதினார்கள். எக்ஸ்ட்ரா டைமில் போர்ன்மவுத் தோற்றது.

வாழ்க்கையிலேயே பெரிய கூட்டத்துக்கு முன்னால் ஒரு ஆள் போட்ட கோல், தனக்கு எதிராகவே போட்டது.

அதற்கப்புறம் ஸ்விண்டன் க்ளப்புக்கு மாறினார். அங்கே சீக்கிரமே டீமில் இடம் போய்விட்டது. மறுபடியும் வேடிக்கை பார்க்கிற வேலை. அப்போதுதான் வடக்குக் கோடியிலிருந்து ஒரு போன். 'மூணு மேட்ச். வர்றீங்களா?'

போனார்.

* * *

"அன்னிக்கு ஸ்டேடியத்துல 7,599 பேர்" என்றார் டிரைவர். "ஆனா இன்னிக்கு ஊர்ல கேட்டுப் பாருங்க, அம்பதாயிரம் பேர் நான் அங்க இருந்தேன்னு சொல்வாங்க."

"நீங்க?"

"நான் நெஜமாவே இருந்தேன்" என்று சிரித்தார். அம்பதாயிரத்தில் ஒருவராகக் கூட இருக்கலாம். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

முதல் கோல் பிளைமவுத் போட்டது. பிறகு கார்லைல் ஒன்று போட்டு சமன் செய்தது. 1-1. அதற்கப்புறம் எதுவும் நடக்கவில்லை. தொண்ணூறு நிமிஷம் முடிந்தது. இஞ்சுரி டைம் நாலு நிமிஷம் என்று போர்டு காட்டினார்கள்.

அந்தப் பக்கம் ஸ்கார்பரோ மேட்ச் அதே 1-1 என்று டிராவில் முடிந்துவிட்டது. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் கட்டிப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பிழைத்தோம், கார்லைல்தான் போகிறது என்று. ஆனால் காதில் ரேடியோ. கார்லைலில் இன்னும் விசில் ஊதவில்லை.

கார்லைலுக்கு ஒரு கார்னர் கிக் கிடைத்தது. மிச்சம் இருந்தது பத்து விநாடி. ஜிம்மி கிளாஸ் தன் பயிற்சியாளர் நைஜல் பியர்சனைப் பார்த்தார். அவர் 'போ, போ' என்று கையை ஆட்டினார். கோல்கீப்பர் தன் கோலை அம்போவென்று விட்டுவிட்டு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினார்.

கார்னர் கிக் வந்தது. கார்லைல் வீரர் ஸ்காட் டோபி தலையால் முட்டினார். பிளைமவுத் கோல்கீப்பர் பாய்ந்து தடுத்தார். பந்து தெறித்து, வேறு யாரும் இல்லாத இடத்தில், ஜிம்மி கிளாஸின் வலது காலுக்கு நேராக வந்து விழுந்தது.

உதைத்தார். வலை.

"மேல என்ன நடந்ததுன்னு எனக்கு ஞாபகமில்ல சார். எல்லாரும் உள்ள இறங்கிட்டோம். என் மேல யாரு விழுந்தா, நான் யாரு மேல விழுந்தேன், ஒண்ணும் தெரியாது. கோல் கம்பத்துல எல்லாம் ஏறிட்டாங்க. கூட்டத்தை வெளிய அனுப்பி மறுபடி பந்தை நடுவுல வெச்சாங்க. உடனே விசில் ஊதிட்டாங்க. அவ்வளவுதான். 71 வருஷம் தப்பிச்சுது."

டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீர் என்று நான் நினைத்திருப்பேன், கார் கண்ணாடி ஏற்றியிருக்காவிட்டால்.

* * *

இப்போது உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கதை கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் மனசுக்குள் ஒரு அப்பா துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார். ஆஹா, கடவுளாகப் பார்த்து அனுப்பிய டாக்ஸி! பெண்ணுக்குச் சொல்ல இதைவிட நல்ல நீதிக்கதை வேறு உண்டா? ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்ஃபாரத்தில் காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டேன்.

"பாத்தியாம்மா? கடைசிப் பத்து செகண்ட். யாருக்குமே வேண்டாத ஆளு. மூணு மேட்சுக்கு வந்தவரு. ஆனா ஓடினார் பாரு! அதனாலதான் சொல்றேன், கடைசி வரைக்கும்..."

அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"அதுக்கப்புறம் அவருக்கு என்ன ஆச்சு தெரியுமாப்பா?"

"என்ன ஆச்சு? பெரிய க்ளப்ல கூப்பிட்டிருப்பாங்க."

"இல்ல" என்றாள். படித்தாள்.

அந்தக் கோலுக்குப் பிறகு கார்லைலுக்காக அவர் ஒரு மேட்ச் கூட ஆடவில்லை. ஸ்விண்டனுக்கே திரும்பினார். பிறகு கேம்பிரிட்ஜ், பிரென்ட்ஃபோர்ட், ஆக்ஸ்ஃபோர்ட் என்று க்ளப் க்ளப்பாகப் போனார். பிரென்ட்ஃபோர்டில் இரண்டு லீக் மேட்ச். ஆக்ஸ்ஃபோர்டில் ஒன்று. 27 வயதில் லீக் ஆட்டம் முடிந்துவிட்டது. மொத்தம் நூற்றுச் சொச்சம் லீக் மேட்ச். ஒரே ஒரு கோல். கம்ப்யூட்டர் விற்கிற வேலைக்குப் போனார். 2004-ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். தலைப்பு, 'ஒன் ஹிட் ஒண்டர்'. ஒரே ஒரு ஹிட் கொடுத்துவிட்டுக் காணாமல் போகிற பாடகர்களை அப்படித்தான் சொல்வார்கள். தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்ட தலைப்பு.

"அப்புறம்" என்று நிறுத்தினாள். "டாக்ஸி ஓட்டினாருப்பா."

எனக்குப் பேச்சு வரவில்லை. இத்தனை நேரம் கதை சொன்ன டிரைவர் இந்த ஒரு வரியை மட்டும் ஏன் சொல்லவில்லை? தெரியாதா? தெரிந்தும் விட்டுவிட்டாரா?

"அந்த ஊரு தப்பிச்சுது. அவருக்கு என்னப்பா கிடைச்சது?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. காபி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

* * *

திரும்பி வருகிற ரயிலில் அவளே மீதியையும் படித்தாள். இருவரும் ஒரே போனில் தலையை விட்டுக்கொண்டு படித்தோம். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தோம்.

அன்றைக்கு லீகை விட்டு வெளியே போன ஸ்கார்பரோ, 1987-ல் அதே லீகுக்குள் வரும்போது சரித்திரம் படைத்த டீம். கீழ் லீகில் முதலிடம் பிடித்து நேரடியாக உள்ளே வந்த முதல் க்ளப் அது. வெளியே போனபிறகு எழுந்திருக்கவே இல்லை. 2007-ல் கடனில் மூழ்கி க்ளப்பே மூடப்பட்டது. ஒரு காலில் பட்ட பந்து. ஓர் ஊரில் திருவிழா, இன்னோர் ஊரில் இழவு.

அந்தப் பிளைமவுத் கோல்கீப்பரை நினைத்துப் பாருங்கள். அவரும் கோல்கீப்பர்தான். டோபியின் பந்தைப் பாய்ந்து தடுத்தார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார். அவர் அதைத் தடுக்காமல் விட்டிருந்தால் கோல் போட்டது டோபி என்று ஆகியிருக்கும், ஜிம்மி கிளாஸ் என்ற பேரே நமக்குத் தெரிந்திருக்காது. அவ்வளவு நல்ல தடுப்பை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

சரி, தப்பித்த கார்லைலாவது நன்றாக இருந்ததா? 2004-ல் லீகை விட்டு வெளியே போனது. 2005-ல் திரும்பி வந்தது. 2025-ல் மறுபடியும் வெளியே போனது. டிரைவர் இதையும் சொல்லவில்லை. அவர் அந்தப் பத்து விநாடியோடு கதையை நிறுத்திக்கொண்டார். நானும் ஓர் ஊர்க்காரனாக இருந்தால் அங்கேதான் நிறுத்துவேன்.

இன்னொரு தகவலும் கிடைத்தது. 2014-ல் அதே பிரண்டன் பார்க்கில், அதே கோலில், வேறொரு க்ளப்பிலிருந்து கடனாக வந்த ஒரு பையன் நின்றான். அந்த சீசன் முடிவில் கார்லைல் ஒரு டிவிஷன் கீழே இறங்கியது. பையன் பேர் ஜோர்டன் பிக்ஃபோர்ட். நாலே வருஷத்தில், 2018 உலகக் கோப்பையில் கொலம்பியாவின் பெனால்டியைத் தடுத்த இங்கிலாந்து கோல்கீப்பர்.

காப்பாற்றிய ஆள் டாக்ஸி ஓட்டப் போனார். இறங்கிப் போன டீமில் நின்ற பையன் உலகக் கோப்பை ஆடினான். எங்கே போய் நியாயம் கேட்பது?

"கணக்கே சரியா வரலயேப்பா" என்றாள் என் மகள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டு வருஷமாக நான் அவளிடம் ஒரு கோலுக்காகக் காத்திருந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "சாப்டியா? தூங்கினியா?" என்று கேட்டுவிட்டு, கடைசியாக, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "ஏதாவது நியூஸ் உண்டா?" என்பேன். நியூஸ் என்றால் வேலை. வேறெதுவும் நியூஸ் இல்லை. அவளும் ஒவ்வொரு வாரமும் "இல்லப்பா" என்பாள். அந்த "இல்லப்பா"வுக்குள் மீதி ஆறு நாள் எப்படிப் போனது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

* * *

ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் ராத்திரி, யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஐந்தாறு பிள்ளைகள். எல்லாம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. ஒருத்தன் மதுரை, ஒருத்தி விஜயவாடா, இன்னொருத்தி கொழும்பு. கையில் ஒரு குக்கரோடு வந்திருந்தார்கள். உள்ளே பிரியாணி.

"அங்கிள், அக்காதான் என்னை ஏர்போர்ட்ல வந்து கூட்டிட்டுப் போனாங்க" என்றான் மதுரைப் பையன். "ராத்திரி பன்னண்டு மணி. எனக்கு ரூம் கொடுக்கறேன்னவன் போனை எடுக்கல. ரெண்டு வாரம் அக்கா ஹால்லதான் படுத்திருந்தேன்."

"எனக்கு பேங்க் அக்கவுண்ட் ஓபன் பண்ணித் தந்தது அக்கா."

"எனக்கு ஜுரம் வந்தப்போ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது..."

ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டே போனார்கள். என் மகள், "டேய் போதும்டா, நிறுத்துங்க" என்று தட்டு தேடுகிற சாக்கில் சமையல் அறைக்குள் போய்விட்டாள். நான் பிரியாணியைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. நான் கேட்ட நியூஸ் வேறு.

எல்லோரும் போன பிறகு, பெட்டியை எடை பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"ப்பா, அந்த கோல்கீப்பர் பத்தி இன்னும் கொஞ்சம் படிச்சேன். டாக்ஸி ஓட்டினதோட முடியல. பிற்பாடு போர்ன்மவுத்துக்கே திரும்பப் போயிருக்காரு. அவர் நல்லா ஆடின க்ளப். அதுக்குள்ள அவங்க பிரீமியர் லீக்குக்கே போயிட்டாங்க. அங்க ஆடறவங்களைக் கவனிச்சுக்கற வேலை."

"கோச்சா?"

"இல்லப்பா. புதுசா வெளிநாட்டுலேர்ந்து ஆடறவங்க வருவாங்கல்ல? அவங்க வந்து செட்டில் ஆகறதுக்கு என்னென்ன வேணுமோ அதைப் பாத்துக்கற வேலை. அவருக்கு அது நல்லா வரும்ல? எத்தனை ஊரு மாறியிருக்காரு. புது ஊர்ல போய் எறங்கறது எப்படி இருக்கும்னு தெரிஞ்ச ஆளுதானே."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஜிப்பை இழுத்தாள். ஒரு நிமிஷம் முன்னால் அந்தப் பிள்ளைகள் சொன்னதற்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் இருப்பதாக அவளுக்குத் தோன்றிய மாதிரி தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் ஒரு தடவை நீதி சொல்லப்போய் வாங்கிக்கட்டிக்கொண்டது போதும்.

* * *

அவள் சென்னை வந்து ஆறு வாரத்துக்கு மேல் வீட்டில்தான் இருந்தாள். சொந்தக்காரர்கள் வந்து, "லீவா?" என்று கேட்டார்கள். "இல்ல, வந்துட்டேன்" என்று அவளே சொன்னாள். இப்போது ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பெரிய சம்பளம் இல்லை. தவணை இன்னும் ஐந்தாம் தேதி டாண் என்று போகிறது. பாதி அவளுடையது, பாதி என்னுடையது.

எப்போதாவது அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். அரை நிமிஷம்கூட இல்லை. கார்னர் கிக், தலை முட்டு, தடுப்பு, உதை, கூட்டம். முதலில் பார்த்தபோது எல்லோரையும் போல அந்த உதையைத்தான் பார்த்தேன். இப்போது வேறொன்றை நினைத்துக்கொள்கிறேன். அந்த உதைக்கு முந்தைய தொண்ணூற்று நாலு நிமிஷம் அவர் அந்தக் கோலில்தான் நின்றார். ஒரு கோல்தான் உள்ளே போனது. இரண்டாவது போயிருந்தால் அந்த உதைக்கு அர்த்தமே இருந்திருக்காது. அந்தத் தொண்ணூற்று நாலு நிமிஷத்தை யாரும் வீடியோ போட்டுப் பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் தூர தேசத்தில் ஒரு பிள்ளை இருக்கலாம். இல்லாவிட்டால் பக்கத்து அறையிலேயே இருக்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "ஏதாவது நியூஸ் உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

வேறு என்ன கேட்பது என்கிறீர்களா? நான் இப்போதெல்லாம், "இன்னிக்கு யாரைப் பாத்தே?" என்று கேட்கிறேன். நேற்று முக்கால் மணி நேரம் பேசினாள். காபி ஆறிப்போய்விட்டது. பரவாயில்லை, குடித்தேன்.